பேசுவது யார்? டெலிபோன் நம்பருக்கும் வந்துவிட்டது முத்திரை!

அமெரிக்காவில் ஒரு பாங்கி. நடுப்பகல் நேரம். டெலிபோன் மணி அடிக்கிறது.

குமாஸ்தா எடுக்கிறார். அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு நம்பர் தெரிகிறது. அது அந்தப் பாங்கியில் பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு வியாபாரியின் நம்பர். நம்பருக்குப் பக்கத்தில் வியாபாரியின் பெயரும் வந்து நிற்கிறது.

“அவசரம். என் கணக்கில் இருந்து பணம் மாற்ற வேண்டும்” என்கிறது டெலிபோனில் ஒரு குரல்.

குமாஸ்தா திரையைப் பார்க்கிறார். நம்பர் சரியாக இருக்கிறது. பிறந்த தேதியைக் கேட்கிறார். அதுவும் சரியாக வருகிறது. பிறகு சந்தேகம் எதற்கு? பணம் போய்விடுகிறது.

அதே நேரத்தில் அந்த வியாபாரி எங்கே இருக்கிறார்? தம் வீட்டில் சாப்பிட்டுக் கொண்டு இருக்கிறார். அவருடைய டெலிபோன் சட்டைப் பையில் சும்மா கிடக்கிறது. அதில் இருந்து யாரும் பேசவில்லை!

அப்படியானால் அவருடைய நம்பர் எப்படித் திரையில் வந்தது?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதே வகையான மோசடி உலகின் பல ஊர்களில் நடக்கிறது. பேசும் ஆள் தன்னுடைய நம்பரை மறைத்து, வேறு ஒருவருடைய நம்பரைக் காட்டுகிறான். இது டெலிபோனில் நடக்கும் ஆள்மாறாட்டம்!

இந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். அது என்ன வழி? பாங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் அது எப்படி உதவுகிறது? அதையும் ஏமாற்ற முடியுமா?

தபால் உறை

தபால் உறையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாருக்குப் போக வேண்டும் என்பதை உறையின் முன்பக்கம் எழுதுகிறோம். அனுப்புகிறவர் யார் என்பதை ஓர் ஓரத்தில் எழுதுகிறோம்.

போகும் விலாசம் தப்பாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. ஆனால் அனுப்புகிறவர் விலாசம் தப்பாக இருந்தால்? கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும்! கலெக்டர் அனுப்புவது போல ஒருவன் எழுதிப் போட்டாலும், தபால்காரர் அதை விசாரிக்க மாட்டார். அது அவருடைய வேலை அல்ல.

டெலிபோனும் இப்படித்தான். கூப்பிடப்படும் நம்பர் சரியாக இருந்தால் மணி அடிக்கும். கூப்பிடுகிறவர் நம்பர் வெறும் ஓரத்துக் குறிப்பு. அது பொய்யாக இருந்தாலும் மணி அடிக்கும்!

முன்பெல்லாம் மணி அடித்தால், எடுத்துக் கேட்டால்தான் யார் என்று தெரியும். கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டும் வசதி அமெரிக்காவில் 1980-களின் பிற்பகுதியில் வீடுகளுக்கு வந்தது.  எந்தக் கம்பியில் இருந்து பேச்சு வருகிறது என்பது டெலிபோன் நிலையத்துக்குத் தெரியும். வீட்டு டெலிபோன் நம்பரை நிலையத்தின் இயந்திரமே போட்டு அனுப்பியது. ஆகவே மக்கள் அதை நம்பினார்கள்.

பிறகு இன்டர்நெட் மூலம் டெலிபோன் பேசும் காலம் வந்தது. கம்ப்யூட்டரில் இருந்தே உலகம் முழுவதும் பேசலாம். செலவும் மிகக் குறைவு. ஆனால் இங்கே ஒரு சங்கடம். கூப்பிடுகிறவனுடைய நம்பர் என்ன என்பதை, கூப்பிடுகிறவனுடைய இயந்திரமே சொல்லலாம்! அவன் தட்டி அனுப்பும் நம்பர் அப்படியே மறுமுனையில் தெரியும்.

எத்தர்களுக்கு இது போதாதா?

எல்லாம் பித்தலாட்டம் அல்ல

நம்பரை மாற்றிக் காட்டுவது எல்லாமே குற்றமா? இல்லை.

ஒரு டாக்டர் இரவில் தம் சொந்த செல்போனில் இருந்து நோயாளியைக் கூப்பிடுகிறார். சொந்த நம்பர் தெரிந்தால் நாள் முழுவதும் மணி அடிக்கும். அதனால் ஆஸ்பத்திரி நம்பர் தெரியும்படி செய்து கொள்கிறார். இதில் தவறு இல்லை.

ஒரு கம்பெனியில் 200 பேர் வேலை செய்கிறார்கள். யார் பேசினாலும் கம்பெனியின் பொது நம்பர்தான் வெளியே தெரிகிறது. இதிலும் தவறு இல்லை.

அமெரிக்காவில் 2010-ம் ஆண்டு டிசம்பரில் இதற்காக ஒரு சட்டம் வந்தது. ஏமாற்றவோ, தீங்கு செய்யவோ, பிறர் பொருளைப் பறிக்கவோ நம்பரை மாற்றிக் காட்டினால் குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மாற்றுவது குற்றம் அல்ல. மோசடி எண்ணத்தோடு மாற்றுவதே குற்றம்.

ஆனால் சட்டம் இருந்து என்ன பயன்? திருடனைப் பிடித்தால் அல்லவா தண்டிக்கலாம்? முகமூடிக்குள் இருப்பவன் யார் என்று தெரிய வேண்டாமா?

3 மாதத்தில் 9 கோடி!

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஆசாமி இருந்தார். இவர் 2016-ம் ஆண்டின் கடைசி 3 மாதங்களில் மட்டும் 9 கோடியே 60 லட்சம் தடவைக்கு மேல் டெலிபோன் மணியை அடிக்க வைத்தார். நாள் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம்!

ஒரு மனிதன் 10 லட்சம் தடவை எப்படிக் கூப்பிட முடியும்? கூப்பிட்டது இயந்திரம். பதிவு செய்த குரலை அது ஊர் ஊராக ஒலித்தது.

பேர் பெற்ற ஓட்டல் கம்பெனிகள், பிரயாணக் கம்பெனிகள் ஆகியவற்றின் பெயரைச் சொல்லி, “உங்களுக்கு மலிவாக உல்லாசப் பிரயாணம்!” என்றது அந்தக் குரல். ஆசைப்பட்டுப் பொத்தானை அமுக்கியவர்களை வேறு ஓர் இடத்துக்கு இணைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் அந்தக் கம்பெனிகளின் ஆட்கள் அல்ல!

இதில் ஒரு தந்திரமும் இருந்தது. கேட்பவருடைய நம்பர் எப்படித் தொடங்குகிறதோ, அப்படியே தொடங்கும் நம்பர் திரையில் தெரியும்படி செய்தார்கள். ‘பக்கத்துத் தெருக்காரர் யாரோ பேசுகிறார்’ என்று நினைத்து மக்கள் எடுத்துவிடுவார்கள்.

இதனால் நஷ்டம் யாருக்கு? ஏமாந்தவர்களுக்கு மட்டும் அல்ல. நல்ல பெயர் வாங்கி வைத்திருந்த கம்பெனிகளின் பெயர் கெட்டது. ‘டிரிப் அட்வைசர்’ என்ற பிரயாணக் கம்பெனிக்கு வாடிக்கைக்காரர்கள் கோபத்தோடு புகார் செய்தார்கள். “நாங்கள் யாரையும் இப்படிக் கூப்பிடவில்லையே!” என்று கம்பெனி திகைத்தது. பிறகு தானே துப்புத் துலக்கி, சர்க்காருக்குத் தகவல் கொடுத்தது.

டாக்டர்களை அவசரத்துக்கு அழைக்கும் சேவை நடத்தி வந்த ஒரு கம்பெனியும் புகார் செய்தது. அதன் வழிகளில் இந்த இயந்திரக் குரல் புகுந்து அடைத்துக் கொண்டது. உயிர் காக்கும் செய்திக்குத் தடை ஏற்பட்டது!

டெலிபோன் விவகாரங்களைக் கவனிப்பது அமெரிக்காவின் மத்திய தகவல் தொடர்புக் கமிஷன். இந்தக் கமிஷன் 2018-ம் ஆண்டு மே மாதம் அந்த ஆசாமிக்கு 12 கோடி டாலர் அபராதம் விதித்தது.

அபராதம் விதித்தாயிற்று. ஆனால் 9 கோடி தடவை மணி அடித்த பிறகுதானே? மணி அடிக்கும்போதே ‘இது போலி’ என்று தெரிய வேண்டாமா?

முத்திரை வந்தது

2019-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி அமெரிக்காவில் இன்னொரு சட்டம் கையெழுத்தாயிற்று. அதன்படி, 2021-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதிக்குள் பெரிய டெலிபோன் கம்பெனிகள் தங்கள் இன்டர்நெட் வழிகளில் ஒரு புதிய முறையைக் கொண்டு வர வேண்டும் என்று கமிஷன் கெடு வைத்தது.

அந்த முறைக்கு ‘ஸ்டிர் – ஷேக்கன்’ என்று பெயர். ஸ்டிர் என்றால் கலக்குதல். ஷேக்கன் என்றால் குலுக்கியது. துப்பறியும் வீரன் ஜேம்ஸ் பாண்டைத் தெரியாதவர்கள் உண்டா? அவன் தன் மதுவைக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும், கலக்கக் கூடாது என்பான். அந்த வேடிக்கையை வைத்தே இன்ஜினீயர்கள் இப்படிப் பெயர் சூட்டினார்கள்.

பெயர் வேடிக்கை. வேலை மிகவும் கண்டிப்பு!

பழைய காலத்தில் அரண்மனையில் இருந்து ஓலை வரும். அரக்கில் ராஜமுத்திரை குத்தியிருக்கும். முத்திரை இருந்தால் நம்புவார்கள். முத்திரை இல்லாமல் வந்தாலும், உடைந்து வந்தாலும் தூதனைப் பிடித்து விசாரிப்பார்கள்.

புதிய முறையும் இதுதான். ஒருவர் டெலிபோனில் கூப்பிடுகிறார். அவருக்கு டெலிபோன் கொடுத்திருக்கும் கம்பெனி, அந்த அழைப்பின் மீது ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் டெலிபோன் கம்பெனி, அந்த முத்திரை உண்மையானதா என்று பார்க்கிறது. பார்த்த பிறகே மணி அடிக்கிறது.

முத்திரை அரக்கில் அல்ல, கணக்கில்! முத்திரைக் கட்டை, அனுப்பும் கம்பெனியிடம் மட்டும் ரகசியமாக இருக்கும். ஆனால் அதன் மாதிரி எல்லோருக்கும் கிடைக்கும். பாங்கியில் கையெழுத்தின் மாதிரியை வைத்துக் கொண்டு, செக்கில் உள்ள கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? அதைப் போன்றதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். மாதிரியைப் பார்த்துக் கையெழுத்தைக் காப்பி அடிக்கலாம். இந்த மாதிரியைப் பார்த்து முத்திரைக் கட்டையைச் செய்ய முடியாது. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது.

முத்திரைக்குள் என்ன இருக்கும்? கூப்பிடுகிறவர் நம்பர், கூப்பிடப்படும் நம்பர், நேரம், எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பு. வழியில் யாராவது ஓர் இலக்கத்தை மாற்றினாலும் முத்திரை ஒத்து வராது. ஓர் அழைப்பின் முத்திரையை எடுத்து, மறுநாள் வேறு அழைப்பில் ஒட்டினாலும் செல்லாது. நேரம் காட்டிக் கொடுத்துவிடும்!

மூன்று தரம்

எல்லா முத்திரையும் ஒரே தரம் அல்ல. மூன்று தரம் உண்டு. ஏ, பி, சி என்று சொல்கிறார்கள்.

ஏ தரம்: “பேசுகிறவர் எங்கள் வாடிக்கைக்காரர். இந்த நம்பரைக் காட்ட அவருக்கு உரிமை உண்டு” என்று டெலிபோன் கம்பெனி உறுதி கூறுகிறது.

பி தரம்: “பேசுகிறவர் எங்கள் வாடிக்கைக்காரர்தான். ஆனால் இந்த நம்பர் அவருடையதா என்று எங்களுக்குத் தெரியாது.”

சி தரம்: “இந்த அழைப்பு எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தது. எங்கே இருந்து புறப்பட்டது, யார் பேசுகிறார் என்பது தெரியாது.” வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புகளில் பலவற்றுக்கு இந்தத் தரம்தான் கிடைக்கும்.

ஊரில் ஒருவருக்குப் பெண் கொடுக்குமுன் விசாரிக்கிறார்கள். “பிள்ளையை எனக்குத் தெரியும். நிலமும் அவருடையதுதான்” என்று ஒருவர் சொன்னால் அது ஏ தரம். “பிள்ளையைத் தெரியும். நிலம் யாருடையதோ!” என்றால் பி தரம். “இந்தத் தெரு வழியாகப் போனதைப் பார்த்தேன்” என்றால் சி தரம். அவ்வளவுதான்!

பாங்கி என்ன செய்கிறது?

இப்போது முதலில் சொன்ன பாங்கிக்குத் திரும்பலாம்.

அதே மணி அடிக்கிறது. அதே வியாபாரியின் நம்பர். ஆனால் இந்தத் தடவை நம்பரோடு முத்திரையின் தரத்தையும் பாங்கியின் கம்ப்யூட்டர் பார்க்கிறது.

ஏ தரம் வந்தால், நம்பர் உண்மை. குமாஸ்தா வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டு வேலையைச் செய்கிறார். நேர்மையான வாடிக்கைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்து அலைக்கழிக்க வேண்டியது இல்லை.

சி தரம் வந்தால்? முத்திரையே இல்லாமல் வந்தால்? அல்லது முத்திரை ஒத்து வராமல் போனால்? திரையில் தெரியும் நம்பரைக் குமாஸ்தா நம்புவது இல்லை. அவர் மேலும் கேள்வி கேட்கிறார். தொகை பெரியதாக இருந்தால், “நீங்கள் டெலிபோனை வைத்துவிடுங்கள். எங்கள் பதிவில் உள்ள உங்கள் நம்பருக்கு நாங்களே கூப்பிடுகிறோம்” என்கிறார்.

எத்தன் இங்கேதான் மாட்டிக் கொள்கிறான்! ஏன்? அவன் அந்த நம்பரைத் திரையில் காட்டத்தான் முடியும். அந்த நம்பருக்கு வரும் அழைப்பை அவனால் எடுக்க முடியாது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடிப்பது உண்மையான வியாபாரியின் சட்டைப் பையில்!

“நான் பணம் கேட்கவே இல்லையே!” என்று வியாபாரி பதறுவார். பணம் பிழைக்கும்.

கம்பெனிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. போலி அழைப்புகளுக்குப் பயந்து, தெரியாத நம்பர் வந்தால் மக்கள் எடுப்பதே இல்லை. ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் எடுப்பது இல்லை. மருந்துக் கடை கூப்பிட்டாலும் எடுப்பது இல்லை. முத்திரை சரியாக இருந்தால் சில செல்போன்களில் நம்பருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் தெரிகிறது. அதைப் பார்த்து மக்கள் எடுக்கிறார்கள்.

முத்திரை குத்தியவர் தவறினால்?

முத்திரை வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று தூங்கிவிடலாமா? கூடாது!

2024-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். ஜனாதிபதி தேர்தலுக்கு வேட்பாளரைப் பொறுக்கும் ஓட்டெடுப்புக்கு 2 நாள் இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தவர்கள் திடுக்கிட்டார்கள். பேசியது, அப்போது ஜனாதிபதியாக இருந்த பைடன்!

“இப்போது ஓட்டுப் போடாதீர்கள். நவம்பருக்காக வைத்துக் கொள்ளுங்கள்” என்ற பொருளில் அவர் குரல் பேசியது. அந்த மாநிலத்து அரசியல் பிரமுகர் ஒருவருடன் சம்பந்தப்பட்ட நம்பர் திரையில் தெரிந்தது.

குரலும் போலி, நம்பரும் போலி! கம்ப்யூட்டரால் செய்த குரல் அது.

விசாரணையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்த அழைப்புகளுக்கு ஏ தரம் முத்திரை குத்தப்பட்டிருந்தது! ஒரு டெலிபோன் கம்பெனி சரியாக விசாரிக்காமல் முத்திரை குத்தி அனுப்பி இருந்தது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் அந்தக் கம்பெனி 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக் கொண்டது. அழைப்புகளுக்கு ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்குக் கமிஷன் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கிரிமினல் வழக்கில் 2025-ம் ஆண்டு ஜூனில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? முத்திரை நல்லதுதான். ஆனால் அதைக் குத்தும் கை ஒழுங்காக இருக்க வேண்டும். மாதிரியைப் பார்க்கும் கம்ப்யூட்டர், “முத்திரை உண்மை” என்றுதான் சொல்லும். “முத்திரை குத்தியவர் விசாரித்தாரா?” என்பது அதற்குத் தெரியாது.

அதே சமயம் இன்னொன்றும் தெரிகிறது. முத்திரை இருந்ததால், குத்தியவர் யார் என்பதில் மறைக்க எதுவும் இல்லை. அதில் கம்பெனியின் அடையாளம் பதிந்திருக்கும். யாரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தெரிந்துவிடும்.

கமிஷனிடம் டெலிபோன் கம்பெனிகளுக்கு ஒரு பதிவேடும் இருக்கிறது. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி முதல், அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத கம்பெனி அனுப்பும் அழைப்புகளை மற்றக் கம்பெனிகள் நேராக வாங்கக் கூடாது. பதிவேட்டில் இருந்து பெயரை அடித்துவிட்டால் அந்தக் கம்பெனியின் தொழில் படுத்துவிடும்!

பழைய கம்பியில் வரும் தொல்லை

இன்னொரு குறையும் உண்டு. இந்த முத்திரை இன்டர்நெட் முறையில் போகும் அழைப்புகளுக்கு ஏற்றது. வழியில் பழைய காலத்து டெலிபோன் இயந்திரம் குறுக்கிட்டால், முத்திரை அங்கேயே உதிர்ந்துவிடும். நேர்மையானவர் பேசினாலும் முத்திரை இல்லாமல் போய்ச் சேரும்.

ஆகவே முத்திரை இல்லை என்றால் ‘திருடன்’ என்று அர்த்தம் அல்ல. ‘விசாரித்துப் பார்’ என்றுதான் அர்த்தம்.

பிரான்ஸ் நாட்டில் கண்டிப்பு அதிகம். அங்கே 2024-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், சரிபார்க்க முடியாத அழைப்புகளை டெலிபோன் கம்பெனிகள் வழியிலேயே வெட்டிவிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

ஓசையே துப்புச் சொல்லும்!

நம்பர் பொய் சொல்லலாம். ஓசை பொய் சொல்லுமா?

அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் விஜய் பாலசுப்பிரமணியன் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் 2010-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பேச்சில் கலந்து வரும் இரைச்சல், இடையிடையே விழும் மிகச் சிறிய இடைவெளி ஆகியவற்றைக் கம்ப்யூட்டர் கேட்கிறது. அந்தப் பேச்சு செல்போன் வழியாக வந்ததா, சாதாரணக் கம்பி வழியாக வந்ததா, இன்டர்நெட் வழியாக வந்ததா என்று கண்டு சொல்கிறது.

திரையில் தெரிவது உள்ளூர் வீட்டு டெலிபோன் நம்பர். ஓசையோ, ‘நான் இன்டர்நெட் வழியாக வந்தேன்’ என்கிறது. குமாஸ்தாவுக்கு இது போதாதா?

மனிதனுடைய காதுக்கு இது கேட்காது. இயந்திரத்தின் காதுக்குக் கேட்கும். இந்த ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 2011-ம் ஆண்டு ‘பின்டிராப்’ என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. ஊசி விழும் ஓசை என்பது அதன் பொருள்.

நம்பர் வேறு, மனிதன் வேறு

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. முத்திரை நம்பரைத்தான் சரிபார்க்கும். பேசும் மனிதனின் மனத்தைச் சரிபார்க்காது!

2020-ம் ஆண்டு ஜூலை மாதம். இப்போது ‘எக்ஸ்’ என்று பெயர் மாறியிருக்கும் ட்விட்டர் கம்பெனியின் ஊழியர்கள் சிலருக்கு டெலிபோன் வந்தது. “கம்பெனியின் கம்ப்யூட்டர் இலாகாவில் இருந்து பேசுகிறோம். உங்கள் இணைப்பில் கோளாறு இருக்கிறதா? சரி செய்து தருகிறோம்” என்றார்கள். அப்போது கொரோனா காலம். ஊழியர்கள் வீட்டில் இருந்தே வேலை செய்தார்கள். இணைப்பில் கோளாறு வருவது சகஜம். ஆகவே சிலர் நம்பிவிட்டார்கள். சொன்ன இடத்தில் ரகசியச் சொல்லைத் தட்டினார்கள்.

அவ்வளவுதான்! ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் போன்றவர்களின் கணக்குகளில் எத்தர்கள் புகுந்தார்கள். “பணம் அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவோம்” என்று அந்தப் பெரிய மனிதர்களின் பெயரால் எழுதினார்கள். 1 லட்சத்து 18 ஆயிரம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். இந்த வேலையை முன்னின்று நடத்தியவன் 17 வயதுப் பையன்! 2021-ம் ஆண்டு அவன் குற்றத்தை ஒப்புக் கொண்டான். 3 ஆண்டு தண்டனை பெற்றான்.

உண்மையான நம்பரில் இருந்தும் பொய் பேசலாம். ஆகவே கம்பெனிகள் இரண்டையும் செய்ய வேண்டி இருக்கிறது. நம்பரை இயந்திரம் பார்க்க வேண்டும். பேச்சை மனிதர் பார்க்க வேண்டும்.

இந்தியாவில்

நம் நாட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. எத்தர்கள் வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு பேசுவார்கள். திரையில் தெரிவதோ இந்திய நம்பர்! “போலீசில் இருந்து பேசுகிறோம். உன்னைக் கைது செய்யப் போகிறோம்” என்று மிரட்டிப் பணம் பறிப்பார்கள்.

2024-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய சர்க்கார் இதற்கு ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியது. வெளிநாட்டு வாசல் வழியாக வரும் அழைப்பில் இந்திய நம்பர் இருந்தால், அது உண்மையா என்று பார்க்கிறார்கள். வெளியூர் போன நம்மவர் தம் செல்போனில் பேசினால் அது உண்மை. அப்படி இல்லை என்றால் தடுத்துவிடுகிறார்கள்.

முதல் 24 மணி நேரத்தில் தடுக்கப்பட்ட போலி அழைப்புகள் எத்தனை தெரியுமா? 1 கோடியே 35 லட்சம்! வெளிநாட்டு வழியாக இந்திய நம்பரோடு வந்த அழைப்புகளில் 100-க்கு 90 போலி என்று சர்க்கார் அறிவித்தது.

பாங்கிகள் கணக்கு விஷயமாக வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடும்போது 1600 என்று தொடங்கும் நம்பர்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2025-ம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் பாங்கி கூறியது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற நம்பருக்குப் புகார் செய்யலாம். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக் கொண்டே போகும். ஆகவே முதல் மணி நேரம் முக்கியம்.

திரும்பக் கூப்பிடுங்கள்!

சின்னக் கடை வைத்திருப்பவரிடம் முத்திரை பார்க்கும் கம்ப்யூட்டர் இருக்காது. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் இருக்காது. அவர்கள் என்ன செய்வது?

பாங்கி குமாஸ்தா செய்ததையே செய்யலாம். பணத்தைப் பற்றியோ, ரகசிய எண்ணைப் பற்றியோ யாராவது டெலிபோனில் கேட்டால், டெலிபோனை வைத்துவிட வேண்டும். பாஸ் புத்தகத்தில் உள்ள நம்பரையோ, பாங்கி கார்டின் பின்பக்கம் உள்ள நம்பரையோ பார்த்து, நாமே கூப்பிட வேண்டும். வந்த நம்பரைப் பார்த்து நம்பக் கூடாது. பேசியவன் சொல்லும் நம்பருக்கும் கூப்பிடக் கூடாது. அது அவனுடைய கூட்டாளியின் நம்பராக இருக்கலாம்!

“வைத்துவிடாதே! வைத்தால் கைது!” என்று ஒருவன் மிரட்டுகிறானா? அவன் எத்தன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். உண்மையான பாங்கிக்காரர், “நான் திரும்பக் கூப்பிடுகிறேன்” என்று நீங்கள் சொன்னால் கோபித்துக் கொள்ள மாட்டார்.

வாசலில் யாராவது கதவைத் தட்டினால், “யார் அது?” என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறோம். பெயர் சொன்னாலும் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்க்கிறோம். டெலிபோனுக்கும் இப்போது ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் பார்க்க வேண்டியது நம் வேலை!